யாராவது பயன்படுத்துகிறீர்களா?

பெங்களூரு எனக்கு ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. கோயம்புத்தூரில் பிறந்து சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்த உடம்பு. அங்கே இறங்கினால் முதல் நாள் தொண்டை கட்டும், இரண்டாம் நாள் மூக்கு ஒழுகும், மூன்றாம் நாள் யாரைப் பார்த்தாலும் எரிச்சல் வரும். இந்தத் தடவையும் கெட்டது உடம்பு மட்டும்தான் என்றால் உட்கார்ந்து எழுதியிருக்க மாட்டேன்.

போன கதையைச் சொல்வதற்கு முன்னால் என் வேலையைச் சொல்லியாக வேண்டும். பகலில் ஒரு சின்னக் கம்பெனியில் சம்பள வேலை. மற்ற நேரத்தில், பல நாடுகளில் உட்கார்ந்திருக்கும் பலபேரோடு சேர்ந்து ஒரு மென்பொருளைப் பராமரிக்கிறேன். கூடம் கூடமாக அடுக்கி வைத்த சர்வர்களை ஒரே இயந்திரம் போல ஆளுகிற க்ளவுட் மென்பொருள் அது. ஓப்பன் சோர்ஸ் என்பதால் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். இதற்குச் சம்பளம் கிடையாது. குறை சொல்ல மட்டும் நிறையப் பேர் உண்டு.

சில வருடங்களாக டெலிகாம்காரர்களும் எங்கள் பக்கம் வந்திருக்கிறார்கள். முன்பு ஒரு போன் பேச்சைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஒவ்வொரு வேலைக்கும் தனியாக ஒரு இரும்புப் பெட்டி இருந்தது. செய்தவன் அதைப் பூட்டியே கொடுப்பான். உள்ளே என்ன நடக்கிறது என்று காசு கொடுத்து வாங்கியவனுக்கே தெரியாது. இப்போது அந்தப் பெட்டியின் வேலையை நிரலாக எழுதி, சாதாரண சர்வரில், எங்கள் மென்பொருளின்மேல் ஓட விடப் பார்க்கிறார்கள். அதில் நான் பார்த்துக்கொண்ட பகுதி சின்னது. ஒரே சர்வரில் பல நிரல்கள் முண்டியடிக்கும்போது, போன் பேச்சைச் சுமக்கும் நிரலுக்கு மட்டும் ப்ராசஸரில் ஓர் இடத்தை வேறு யாரும் தொடாதபடி பிடித்து வைக்கும். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட்டுப் பிடிப்போமே, அதே காரியம். நானும் அதைத் துண்டு என்றே சொல்லி வந்தேன்.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம். எந்தப் பகுதியையாவது நீக்குவதென்றால் எல்லாரும் படிக்கிற மின்னஞ்சல் மடற்குழுவில் ஒரு கடிதம் போட வேண்டும்: ‘இதை யாராவது பயன்படுத்துகிறீர்களா?’ ஆறு வாரம் பார்ப்போம். ஒருவரும் வாயைத் திறக்காவிட்டால் ஒருவருக்கும் வேண்டாம் என்று அர்த்தம். துண்டு பழசாகிவிட்டது, பார்த்துக்கொள்ள என்னை விட்டால் ஆளில்லை. கடிதம் போட்டேன். ஆறு வாரமும் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. ஏழாவது வாரம் தூக்கிவிட்டேன். சில ஆயிரம் வரிகள் ஒழிந்ததில் பரணைச் சுத்தம் செய்த நிம்மதி.

அந்த நிம்மதியைப் பற்றிப் பேசுவதற்குத்தான் பெங்களூருக்குக் கூப்பிட்டார்கள். ஓப்பன் சோர்ஸ்காரர்களும் டெலிகாம்காரர்களும் ஒரு நாள் உட்கார்ந்து பேசுகிற சந்திப்பு.

திங்கட்கிழமை காலை மழையில் இறங்கினேன். தொம்மலூருக்கு ஆட்டோ பிடித்தபோது நான் போனில் வீட்டுக்குப் பேசுவதைக் கேட்டுவிட்டு ஓட்டுநர் கண்ணாடியில் சிரித்தார்.

“கோயம்புத்தூரா சார்? பேச்சுலயே தெரியுது. நமக்கு ஆம்பூர் பக்கம். ஆனா பொறந்தது வளந்தது எல்லாம் தொம்மலூருதான்.”

மேம்பாலத்துக்குக் கீழே வந்ததும் என் பேச்சு அறுந்தது. அவர் தலையை ஆட்டினார். “இங்க எப்பவும் இப்டிதான் சார். போன் கம்பெனிங்க எல்லாம் இந்த ஊர்லதான் கீது. டவர் மட்டும் கெடைக்காது.” நான் என்னவோ அந்தப் பாலத்தைக் கட்டியவன் மாதிரி வருத்தம் தெரிவித்தேன்.

அறை எடுத்திருந்தது பழைய தொம்மலூரின் ஒரு சந்தில். சந்தின் இந்த முனையில் மாரியம்மன் கோயில், அந்த முனையில் கண்ணாடி அலுவலகம். பக்கத்து ஓட்டலில் இட்லி பஞ்சாக இருந்தது. சாம்பாரில்தான் வெல்லத்தைக் கொட்டியிருந்தார்கள். எங்கள் ஊரில் சாம்பார் இப்படி இனித்தால் சமையல்காரருக்கு வீட்டில் ஏதோ விசேஷம் என்று நினைப்போம். இங்கே அதுதான் அன்றாடம் என்று பரிமாறியவர் அடித்துச் சொன்னார். மழை அன்று முழுக்க விடவில்லை.

செவ்வாய்க்கிழமை வைட்ஃபீல்டில் சந்திப்பு. கிளம்பும்போது நன்றாகத்தான் கிளம்பினேன். கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு டாக்ஸி முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டது. பக்கத்தில் நடந்து போன ஒரு அம்மாள் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பியும் வந்துவிட்டார். நான் அதே இடத்தில் இருந்தேன்.

அரங்கில் சண்டை போட்டுக்கொண்ட பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் மாதிரி இரண்டு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஆட்கள் கசங்கிய பனியன் சட்டை, மடிக்கணினி முழுக்க ஸ்டிக்கர். அவர்கள் இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. எங்கள் பக்கத்தில் ஒருவன் இந்தியில் சொன்னான்: “இவர்கள் எடுத்துக்கொண்டே இருப்பார்கள், ஒரு வரி திருப்பித் தர மாட்டார்கள்.” அந்தப் பக்கத்தில் ஒருவர் கன்னடத்தில் சொன்னது காதில் விழுந்தது: “இவர்களை நம்பி எப்படி நெட்வொர்க் நடத்துவது? நாளைக்கு என்ன இருக்கும் என்று இவர்களுக்கே தெரியாது.” இரண்டும் நியாயம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. முதலாவது மட்டும்தான் நியாயமாகப் பட்டது.

மேடையேறி, நீக்கியவற்றின் பட்டியலைத் திரையில் போட்டேன். முதலிலேயே துண்டு. “ஆறு வாரம் கேட்டோம், உலகத்தில் ஒருத்தருக்கும் வேண்டியிருக்கவில்லை” என்று சொன்னபோது எங்கள் பக்கம் கைதட்டினார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் கூசுகிறது.

மதியச் சாப்பாட்டு வரிசையில் என் பின்னால் நின்றவர் மெதுவாகக் கூப்பிட்டார். நாற்பது வயதிருக்கும். அட்டையில் ரெஜினா என்று இருந்தது. கம்பெனிப் பெயர் இருந்த பக்கத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டிருந்தார்.

“சார், ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க தூக்கிட்டேன்னு சொன்னீங்களே, அதுமேலதான் சார் நாங்க ஆறு பேர் உக்காந்திருக்கோம்.”

கரண்டியில் எடுத்த பிசிபேளே பாத்தைத் தட்டில் போடாமல் நின்றேன். பின்னால் இருந்தவர்கள் முனகினார்கள்.

“அப்போ ஏனுங்க அப்பவே சொல்லல? ஆறு வாரம் கேட்டனே!”

“சொல்றதுக்கு பர்மிஷன் இல்ல சார்.”

தட்டோடு ஒரு மூலைக்குப் போய் உட்கார்ந்தோம். அவர் ஒரு பெரிய டெலிகாம் கம்பெனியில் இந்தப் புது முறையை உருவாக்கும் குழுவுக்குத் தலைவர். வீடு கன்டோன்மென்ட் பக்கம், தேவாலயத்துக்குப் பின்னால் மூன்று தலைமுறையாக. அப்பா பள்ளி ஆசிரியராக இருந்தவராம். என் கடிதம் வந்த அன்றைக்கே படித்துவிட்டார். ஆனால் கம்பெனியிலிருந்து வெளியே பொதுவில் ஒரு வரி எழுதுவதென்றாலும் சட்டப் பிரிவின் அனுமதி வேண்டும். அதற்கு ஒரு படிவம். முதல் வாரமே நிரப்பிக் கொடுத்தார். ஆறு வாரம் முடிந்தும் படிவம் மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தது.

“டெய்லி ஓப்பன் பண்ணிப் பாப்பேன் சார். வேற யாராச்சும் ‘நாங்க யூஸ் பண்றோம்’னு எழுத மாட்டாங்களான்னு. எழுதல. அவங்களும் எங்கள மாதிரியே ஃபார்ம் குடுத்துட்டு உக்காந்திருப்பாங்க போல.”

“பழைய வெர்ஷனையே வெச்சு ஓட்டலாமுங்களே?”

“ஒரு வாட்டி ஓட்டினோம். சொந்தமா ஒரு காப்பி வெச்சுக்கினு, உங்க புதுசு எதுவும் அதுல ஒட்டாம, வெளிய வர்றதுக்கு ஒரு வருஷம் பேஜார் ஆய்டுச்சு. இனிமே சொந்தக் காப்பி கூடாதுன்னு மேனேஜ்மென்ட் ஆர்டர். உங்க அடுத்த வெர்ஷன்ல அது திரும்பி வருதுன்னா ப்ராஜெக்ட் இருக்கும். இல்லேன்னா வெள்ளிக்கிழமை மீட்டிங்ல மறுபடி பூட்டின பெட்டிதான்.”

“நீங்க ஆறு பேரு?”

“பெட்டிக்கு ஆறு பேர் எதுக்கு சார்?”

திரும்பக் கொண்டுவர வழி உண்டு. பொறுப்பெடுத்துக்கொள்ள இரண்டு பேர் தங்கள் பெயரைச் சொல்ல வேண்டும். தினமும் அதை ஓட்டிப் பார்த்து, முடிவை எல்லாருக்கும் காட்ட ஒரு சோதனைக்கூடம் வேண்டும். வியாழக்கிழமை மாலை எங்கள் வாராந்திரக் கூட்டம், அடுத்த வெர்ஷனுக்குக் கதவை மூடுவதற்கு முன் நடக்கும் கடைசிக் கூட்டம். ஒரு பெயர் நான் தருகிறேன் என்றேன். இன்னொரு பெயரும் கூடமும் அவர்களிடம் இருந்தன. எழுதத்தான் முடியாது.

புதன்கிழமை அவருடைய லேபைப் பார்க்கப் போக வேண்டும். தொம்மலூர் மேம்பாலத்தடியில் கம்பெனி வண்டி நிற்கும், வெள்ளை மினி பஸ், விருந்தாளி என்று சொன்னால் ஏற்றிக்கொள்வார்கள் என்றார் ரெஜினா. போய்ப் பார்த்தால் அங்கே ஒன்பது வெள்ளை மினி பஸ் நிற்கிறது. சுறுசுறுப்பாக ஒன்றில் ஏறி, விருந்தாளி என்று சொல்லி, ஜன்னலோரம் தூங்கிவிட்டேன். எழுப்பி இறக்கிவிட்ட இடம் பொம்மனஹள்ளி. எதிரே ஒரு துணி ஆலை.

பசி காதை அடைத்தது. ஒரு மெஸ்ஸில் நுழைந்தேன். சுற்றிலும் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பேச்சு. சாம்பார் இனிக்காமல் எங்கள் ஊர் போலப் புளித்தது, அதற்கே அழுகை வந்துவிடும் போலிருந்தது. பக்கத்து மேசையில் ஆலை அட்டை மாட்டிய பெண் ஒருத்தி போனைக் காதில் அழுத்திக்கொண்டு கத்தினாள்: “புள்ளைக்கு காச்சல் எறங்கிச்சா? எறங்கிச்சாம்மா? கேக்கல... திருப்பிச் சொல்லு... கேக்கல.” மூன்று முறை கூப்பிட்டாள். மூன்று முறையும் குரல் துண்டு துண்டாக வந்தது போலிருக்கிறது. சங்கு ஊதியதும் பாதி இட்லியை விட்டுவிட்டு ஓடினாள். காய்ச்சல் இறங்கியதா என்று அவளுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியாது. அந்தப் பெண்ணின் போனுக்கும் நான் நீக்கிய நிரலுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஆட்டோ தேடினேன்.

லேபுக்கு இரண்டு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். ஏசி எலும்பைத் துளைத்தது. ரெஜினாவின் குழுவில் மற்ற ஐந்து பேரும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்கள். என்னைப் பெரிய மனிதனாக நினைத்துவிட்டார்களே என்று அவசரமாக உட்காரச் சொன்னேன். ரெஜினா என் கையில் ஒரு போனைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றோடு அடுத்த அறைக்குப் போனார்.

“சார், இது துண்டோட. கேக்குதா? மத்தியானம் சாப்பாடு இங்கயே சொல்லிட்டேன், கேன்டீன்ல சித்ரான்னா நல்லா இருக்கும்.”

பக்கத்தில் நின்று பேசுவது போலக் கேட்டது. ஒரு பையன் விசைப்பலகையில் எதையோ தட்டினான்.

“இப்ப துண்டு இல்... மத்தி... ங்க... சித்... ன்னா...”

அதே வாக்கியத்தைத்தான் சொல்லியிருக்கிறார். எனக்குக் கிடைத்தவை உதிரிகள். நான் செய்ததை நானே காதால் கேட்டது அதுதான் முதல் முறை. கோடுகளையும் வரிகளையும் பார்த்து நீக்கியவனுக்கு அது ஒரு மனிதக் குரல் என்று உறைக்கவில்லை. வெட்கமாக இருந்தது. போனை மேசைமேல் வைத்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று என்னத்தையோ உளறினேன்.

அவருடைய மேலாளர் ரங்கநாத் வந்தார். தாத்தா காலத்தில் மைசூர் அரசாங்க உத்தியோகத்துக்கு வந்த தமிழ்க் குடும்பம். என்னிடம் தமிழ், போனில் கன்னடம், தனக்குத்தானே பேசிக்கொள்வது ஆங்கிலம். அவர்மேல் கோபப்பட ஆசையாகப் போயிருந்தேன். மனுஷர் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

“ஃபார்ம்ல ‘மறுதரப்புக் கையெழுத்து’ன்னு ஒரு எடம் இருக்கு சார். உங்க கம்யூனிட்டிக்காக யார் சைன் பண்ணுவாங்க? நீங்க பண்றீங்களா?”

“நான் யாருங்க பண்றதுக்கு? எங்ககிட்ட அப்படி ஆளே கிடையாதுங்களே.”

“அதான் ப்ராப்ளம். ஆள் இல்லாத எடத்துக்கு லெட்டர் போட எங்க லீகல் ஒத்துக்க மாட்டேங்கறாங்க. நானும் நாலு மாசமா முட்டிக்கிட்டுதான் இருக்கேன்.”

அங்கேயே சட்டப் பிரிவுக்குப் போன் போட்டார். கன்னடத்தில் கெஞ்சினார்: “ஒரே ஒரு வரி. ‘நாங்கள் பயன்படுத்துகிறோம்’ என்று மட்டும். வேறு எதுவும் எழுத மாட்டார்கள்.” எதிர்ப்பக்கம் என்ன சொன்னார்களோ, திங்கட்கிழமை பார்க்கலாம் என்று எங்களிடம் கையை விரித்தார். திங்கட்கிழமை எல்லாம் முடிந்திருக்கும்.

வியாழக்கிழமை மாலைக் கூட்டம் எழுத்திலேயே நடப்பது. எல்லாரும் ஓர் அரட்டை அறையில் தட்டச்சு செய்வோம். அலுவலக இணையம் அந்த அறையைத் தடுத்து வைத்திருந்தது. அதனால் அலுவலகத்துக்கு வெளியே சாலையோரம் ரெஜினாவின் காரில் உட்கார்ந்தோம். மழை கண்ணாடியை மறைத்தது. என் மடியில் ஒரு கணினி, அவர் மடியில் ஒரு கணினி. இணையம் அவர் கைபேசியிலிருந்து, அதாவது அவர் கம்பெனியின் நெட்வொர்க்கிலிருந்தே வந்தது. அந்த அறையில் நுழைய யாருக்கும் அனுமதி தேவையில்லை, ஒரு பெயர் கொடுத்தால் போதும். பெயர் கேட்கும் கட்டத்தில் ரெஜினா தன் பெயரை அடித்து வைத்திருந்தார். என்டரை மட்டும் தட்டவில்லை.

எங்கள் முறை வந்தது. துண்டைத் திரும்பக் கொண்டுவர வேண்டும், ஒரு பொறுப்பாளர் நான் என்று எழுதினேன். கூட்டத்தை நடத்தியவர் எங்கோ குளிர்நாட்டில் இருக்கும் ஒரு பெண்மணி. கண்டிப்பு, ஆனால் கெட்டவர் இல்லை. இரண்டாவது யார் என்று கேட்டார்.

பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், வெளியே சொல்ல முடியாத நிலையில் இருக்கிறார்கள் என்று எழுதினேன்.

“டெலிகாம் தரப்பிலிருந்து இதை ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இந்த அறையில் அவர்களில் யாராவது இருக்கிறீர்களா? ஐந்து நிமிடம் காத்திருக்கிறேன்” என்று பதில் வந்தது.

ரெஜினா ரங்கநாத்துக்குப் போன் போட்டார். “சார், ஒரே வரி சார். என் பேர்ல எழுதறேன், கம்பெனி பேர் வராது.” ஸ்பீக்கரில் அவர் குரல் களைத்திருந்தது. “பேரத் தேடினா கம்பெனி வந்துடும் ரெஜினா. நீ மட்டும்னா நான் பாத்துக்குவேன். டீமையே எழுதவெச்சேன்னு அந்த அஞ்சு பேரையும் சேத்து வெளிய அனுப்புவாங்க. வேணாம்மா.”

அவர் விரல் என்டர் விசைக்கு மேலேயே இருந்தது. தட்டுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. மாதம் பிறந்தால் சம்பளம் வாங்கப்போகும் அந்த ஐந்து பேரை முந்தின நாள்தான் பார்த்திருந்தேன். சொல்லவில்லை. அது தைரியமின்மையா நாகரிகமா என்று இன்றுவரை பிடிபடவில்லை.

ஐந்து நிமிடத்துக்கு அந்தப் பெண்மணி எட்டு நிமிடம் காத்திருந்தார். பிறகு, “சரி, அடுத்த விஷயம்” என்று எழுதினார்.

ரெஜினா பெயரை ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். “தொம்மலூர்ல விட்டுடட்டுமா சார்? இந்த மழைல ஆட்டோ கெடைக்காது” என்றார். வழி முழுக்கச் சிக்னல்களைப் பற்றித்தான் பேசினோம்.

வெள்ளிக்கிழமை ஊர் திரும்பும் வழியில், ஓசூரைத் தாண்டியதும் அவருடைய குறுஞ்செய்தி வந்தது. பூட்டின பெட்டி. பஸ்ஸில் எல்லாரும் சிரிப்புப் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த மாதம் அந்த லேபைக் காலி செய்தார்கள். ஐந்து பேரில் மூவருக்கு உள்ளேயே வேறு இடம் கிடைத்தது. மற்ற இருவரோடு ரெஜினாவும் வெளியே வந்தார். வேலையை விட்ட நான்காம் நாள், எங்கள் மடற்குழுவில் அவருடைய கடிதம். சொந்த முகவரியிலிருந்து, முழுப் பெயரோடு. துண்டு எதற்குத் தேவை, அது இல்லாவிட்டால் பேச்சு எப்படிச் சிதைகிறது, எந்த இடத்தில் திருத்தினால் பராமரிப்பு எளிதாகும் என்று அவ்வளவு தெளிவாக எழுதியிருந்தார். இத்தனை வருடத்தில் டெலிகாம் பக்கமிருந்து அப்படியொரு கடிதம் நான் படித்ததில்லை. கடைசியில், இரண்டாவது பொறுப்பாளராகத் தான் வரத் தயார் என்று இருந்தது.

கூட்டத்தை நடத்திய பெண்மணி ஒரு மணி நேரத்தில் பதில் போட்டார். இதற்காகத்தான் காத்திருந்தோம், வருக, இந்த வெர்ஷன் போனால் என்ன, அடுத்ததில் சேர்த்துவிடலாம் என்று மனதாரப் பாராட்டிவிட்டு, உங்கள் சோதனைக்கூடத்தை எப்போது இணைக்கிறீர்கள் என்று கேட்டிருந்தார்.

சாயங்காலம் ரெஜினா கூப்பிட்டார்.

“சார், லேப் இல்லேன்னு நீங்களே எழுதிடறீங்களா? என் கையால அத எழுத வரமாட்டேங்குது.”

எழுதுகிறேன் என்றேன். இரண்டு வரிதான். எழுதி முடிக்க எனக்கு மறுநாள் மத்தியானம் ஆகிவிட்டது.